டென்னிஸா, வாலிபாலா? செட்டிநாட்டில் ஆடத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று இந்தப் பக்கம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நடைப்பயிற்சி அலுத்துப்போய் ‘ஏதாவது ஆடலாமே’ என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோப்பை வாங்க அல்ல, உடம்பு அசையவும் மனசு லேசாகவும் ஆட நினைப்பவர்களுக்கு. நான் இரண்டு ஆட்டமும் ஆடுகிறவன். மைதானத்திலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை எடுப்பது?

உங்கள் ஊர்ப் பொட்டலில் சாயங்காலம் ஏற்கெனவே வலை கட்டி ஆடுகிறார்கள் என்றால் வாலிபாலில் சேர்ந்துவிடுங்கள். உங்களோடு தவறாமல் வர ஒரே ஒரு ஆள் இருக்கிறார், வண்டியில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு கோர்ட்டும் இருக்கிறது என்றால் டென்னிஸ். இரண்டுமே இல்லாத ஊரில் புதிதாகத் தொடங்குவதென்றால் வாலிபாலைத்தான் சொல்வேன். இடமும் குறைவு, ஆளுக்கு ஆகிற செலவும் குறைவு.

எந்த ஆட்டம் உசத்தி, எதில் கொழுப்பு அதிகம் கரையும் என்பதெல்லாம் பிறகு. நாளைக்கு உங்களோடு ஆட யார் வருவார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்களே?

நம் பக்கத்து நிலைமை அப்படி. தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். பிள்ளைகள் சென்னையில், கோயம்புத்தூரில், சிங்கப்பூரில், துபாயில். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்கள் வந்து இறங்குகிறபோது பொட்டலில் வலைக்கு இரண்டு பக்கமும் நிற்க இடம் இருக்காது. மாசி பிறந்துவிட்டால் அதே பொட்டலில் நாலு பேர் பந்தைத் தட்டிக்கொண்டு, ஐந்தாவது ஆள் வருகிறானா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரீட்சை நேரத்தில் அந்த நாலு பேரும் இருக்க மாட்டார்கள்.

வாலிபாலுக்குச் சட்டப்படி பக்கத்துக்கு ஆறு பேர். அவ்வளவு பேர் சேரவில்லையே என்று வலையை அவிழ்த்துவிட வேண்டாம். கோர்ட்டைச் சுருக்கிக் கோடு போட்டுக்கொண்டால் மூன்றுக்கு மூன்று கூட அருமையாக ஓடும். சொல்லப்போனால் ஆளுக்கு அதிகத் தடவை பந்து வருவதால் புதியவர்கள் இப்படித்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். மொத்தம் ஆறு பேருக்குக் கீழே போனால்தான் சிரமம்.

டென்னிஸுக்கு இரண்டே பேர் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்களுக்கும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. வாலிபாலில் ஒருவர் வராவிட்டால் ஓர் இடம் காலி, ஆட்டம் நடக்கும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘நான் போகாவிட்டால் அவர் சும்மா நிற்பாரே’ என்ற எண்ணம் டென்னிஸ்காரரை விடியற்காலையில் எழுப்பிவிடும். வாலிபால்காரர் ‘பத்துப் பேர் இருக்காங்க, நமக்கென்ன’ என்று புரண்டு படுத்துவிடலாம். உங்கள் சுபாவம் இதில் எது என்று உங்களுக்கே தெரியும். டென்னிஸ் என்று முடிவு செய்தால் இரண்டு பேராகத் தொடங்காமல் நாலு பேராகத் தொடங்குங்கள். நாலு பேரும் வந்தால் டபுள்ஸ், இரண்டு பேர் வந்தால் சிங்கிள்ஸ், மூன்று பேர் வந்தால் இருவருக்கு எதிரே ஒருவர் என்று எப்படியும் பொழுது போகும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. எவ்வளவு இருந்தால் கோர்ட் போடலாம்?

வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டராவது ஓட இடம் விட வேண்டும். ஆக 24-க்கு 15 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 9 சென்ட்.

டென்னிஸ் கோர்ட்டின் கோடுகள் 23.77 மீட்டர் நீளம். அகலம் சிங்கிள்ஸுக்கு 8.23, டபுள்ஸுக்கு 10.97 மீட்டர். பின்னால் ஓடி எடுக்க இடம் வேண்டும் என்பதால் மொத்தமாக 120-க்கு 60 அடி விடச் சொல்வார்கள். அது 16 சென்ட்டுக்கு மேலே போகிறது. போதாததற்குச் சுற்றிலும் கம்பிவலை வேண்டும். இல்லையென்றால் பாதி நேரம் பந்து பொறுக்குவதிலேயே போய்விடும்.

எந்த ஆட்டமானாலும் கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒரு பக்கத்துக்காரருக்கும் சாயங்காலம் மறுபக்கத்துக்காரருக்கும் கண்ணில் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும்.

வளவிலோ முற்றத்திலோ தட்டிப் பழகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும். மேலே நாட்டு ஓடு வேறு. வீட்டின் வெளிச்சுவரில் பந்தடித்துப் பழகுவதானால் தாராளமாகச் செய்யுங்கள். டென்னிஸுக்குச் சுவரைப் போல் ஒரு துணை கிடையாது, என்றைக்கும் வர மறுக்காது.

செலவு எப்படி?

வாலிபாலில் பந்து, வலை, கம்பம் மூன்றும் பொதுச் செலவு. நல்ல பந்து ஒன்று ஆயிரம் ரூபாய் சுற்றி ஆகும். பத்துப் பேர் போட்டால் ஆளுக்கு நூறு. மண் தரையில் ஆடினாலும் பல மாதம் தாங்கும். கம்பத்துக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய லாரி டயரைப் படுக்கப் போட்டு, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, டயர் நிறையக் கான்கிரீட் கொட்டிவிடுவார்கள். காய்ந்ததும் உருட்டிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது ஓரமாகவும் ஒதுக்கலாம். ஒன்று மட்டும் கவனம். கம்பம் பக்கக் கோட்டுக்கு வெளியே அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தள்ளி நிற்க வேண்டும். டயர் கோட்டை ஒட்டி இருந்தால் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர் தடுக்கி விழுவார். வலை தொய்யாமல் இருக்க வெளியே முளையடித்துக் கயிறு இழுத்துக் கட்டினால், அந்தக் கயிற்றில் வெள்ளைத் துணி சுற்றிவையுங்கள்.

டென்னிஸில் ராக்கெட் அவரவர் செலவு. தொடக்கத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் சுற்றி இருப்பது போதும். பிறகு பந்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றழுத்தத்தோடு டப்பாவில் அடைத்து வரும் பந்து, டப்பாவைத் திறந்த நாள் முதலே துள்ளலை இழக்கத் தொடங்கும். சிமெண்ட் தரையில் மேலே இருக்கிற மயிர்க்கம்பளம் வேகமாகத் தேய்ந்து பந்து வழுக்கையாகிவிடும். அதற்கு மேல் கோர்ட் கட்டணம், கிளப் சந்தா. மாதக் கணக்கில் பார்த்தால் வாலிபால் ஆடுகிறவரைவிட டென்னிஸ் ஆடுகிறவருக்குப் பல மடங்கு ஆகும். ஆடத் தொடங்குமுன் இதை வீட்டில் பேசிவிடுவது நல்லது.

பஜாரில் டென்னிஸ் பந்து என்று கேட்டு வாங்கினேன். துள்ளவே இல்லையே?

அது கிரிக்கெட் ஆடுவதற்கான பந்து. தெருக் கிரிக்கெட்டுக்காக நம் ஊர்க் கடைகளில் விற்கிறவற்றில் பல, கனம் கூட்டிச் செய்தவை. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராமுக்குள் இருக்க வேண்டும். கனமான பந்தை ராக்கெட்டால் நாள் முழுக்க அடித்தால் முதலில் ராக்கெட்டின் நரம்பு போகும், பிறகு முழங்கை போகும். மூன்று பந்து வைத்து அடைத்த டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். பயிற்சிக்கு மட்டும் என்றால் அழுத்தமில்லாத பந்து என்று ஒரு வகை உண்டு. கொஞ்சம் கட்டையாக இருந்தாலும் மாதக்கணக்கில் துள்ளும்.

எதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்?

முதல் நாளே சிரித்து விளையாடுவதற்கு வாலிபால். ஆனால் வாலிபாலைச் சரியாக ஆடக் கற்பதும் லேசுப்பட்டதல்ல. பந்தைப் பிடிக்கவும் கூடாது, கீழே விடவும் கூடாது, மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்பியாக வேண்டும். புதியவர்கள் ஆறு பேர் சேர்ந்தால் சர்வீஸ் போடுகிறவர் ஒருவர், அதைத் தப்பவிடுகிறவர் ஒருவர், மற்றவர்கள் வேடிக்கை என்று ஆகிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து அண்டர் ஆர்ம் பாஸ். புதிதாக வருகிறவர் கையை வீசிப் பந்தை அடிக்கப் பார்ப்பார். பந்து மணிக்கட்டு எலும்பில் பட்டு வேப்பமரத்துப் பக்கம் பறக்கும். கையை வீசவே வேண்டாம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கட்டைவிரல்கள் பக்கம் பக்கமாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். முழங்கையை மடக்காமல் நீட்டுங்கள். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, சதைப்பிடிப்பான தட்டையான இடம் இருக்கிறதே, அங்கேதான் பந்து விழ வேண்டும். பந்து வரும் முன்பே முழங்காலை மடக்கி அதன் கீழே போய்விடுங்கள். பட்டதும் காலை நிமிர்த்தினால் போதும், பந்து தானாக மேலே போகும். முதல் சில நாள் முன்கை கன்றிச் சிவக்கும். பயப்பட வேண்டாம், பழகிவிடும். இது கைவந்துவிட்டால் ஒரு மாதத்தில் ஊர் ஆட்டத்தில் பின்வரிசையில் நின்றுவிடலாம். அதுவரை இரண்டாவது தொடுதலில் மட்டும் பந்தைப் பிடித்து எறியலாம் என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அறுந்துபோகாமல் நீளும்.

டென்னிஸில் முதல் ஒரு மாதம் பொறுமை வேண்டும். பந்து வலையில் விழும், இல்லையென்றால் கம்பிவலையைத் தாண்டும். முழுக் கோர்ட்டிலும் நின்று பலம் காட்டுவதால்தான் இது. இருவரும் சர்வீஸ் கோட்டுக்குள் (வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவே இருக்கிற குறுக்குக்கோடு) வந்து நின்று, வலைக்கு மேலே மெதுவாகத் தட்டிக்கொள்ளுங்கள். இருபது தடவை அறுபடாமல் போய்வந்தால் ஓரடி பின்னால் போங்கள். சர்வீஸைக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம், அதுவரை கீழே ஒருமுறை தட்டி அனுப்பினாலே போதும். இந்த ஒரு மாதத்தைத் தாண்டியவர் பெரும்பாலும் டென்னிஸை விடுவதில்லை. ராக்கெட்டின் நடுவில் பந்து சரியாகப் பட்டு எழும் அந்தச் சத்தத்துக்காகவே மறுநாளும் வருவார்கள்.

வலை உயரத்தைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. டென்னிஸ் வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி. டேப் இல்லாவிட்டால் ஒரு ராக்கெட்டை நட்டமாக நிறுத்தி, அதன் தலைமேல் இன்னொன்றைக் குறுக்குவாட்டில் வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். வாலிபாலில் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நாற்பதைத் தாண்டிய ஆண்கள் கூச்சப்படாமல் 2.24-இல் கட்டி ஆடுங்கள். ஸ்மாஷ் அடிக்கிற சந்தோஷம் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

அண்ணே, எனக்கு 52 வயசு. சுகர் இருக்கு, முழங்கால் லேசா வலிக்கும். எது ஒத்துவரும்?

முதலில் டாக்டரைப் பாருங்கள் அண்ணே. சுகர், பிரஷர் இருப்பவர்கள் திடீரென்று ஓடத் தொடங்குமுன் இதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். அவர் சரி என்று சொன்னால் உங்களுக்கு டபுள்ஸ் டென்னிஸ் நல்லது. பாதி கோர்ட்தான் உங்கள் பொறுப்பு, குதிக்கிற வேலை அதிகம் கிடையாது, பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

வாலிபாலில் முழங்காலைக் கெடுப்பது குதிப்பதும் குதித்து இறங்குவதும்தான். பின்வரிசையில் நின்று பாஸ் எடுப்பவராகவோ, தரையில் நின்றே பந்து தூக்கிக் கொடுக்கிற செட்டராகவோ ஆடினால் உங்கள் வயதிலும் தாராளமாக ஆடலாம். இளைஞர்களோடு ஆடும்போது ரோஷம் வந்து, வலையோரம் பந்தைத் தடுக்கிற பிளாக்குக்குக் குதித்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர் பையில் சர்க்கரை வைத்திருங்கள். கூட ஆடுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். வெறுங்காலில் மட்டும் ஆடாதீர்கள். சுகர் உள்ள காலில் ஒரு சரளைக்கல் கீறினாலும் ஆற நாளாகும்.

ஸ்கூல் டீமில் வாலிபால் ஆடினேன். கல்யாணத்துக்கு அப்புறம் பந்தையே தொடவில்லை. இப்போது 41. மறுபடி ஆட முடியுமா? ஊரில் பெண்கள் யாரும் ஆடுவதில்லையே?

முடியும் ஆச்சி. ஒருமுறை படிந்த பாஸ் கையை விட்டுப் போவதில்லை. இரண்டு வாரம் சுவரில் தட்டினால் திரும்பி வந்துவிடும். நம் அரசுப் பள்ளிகளில் எத்தனை பெண் பிள்ளைகள் அருமையாக ஆடுகிறார்கள் என்று பாருங்கள். பத்து வருஷம் கழித்து அவர்களில் ஒருவரும் மைதானத்தில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆட ஆசை போய்விட்டதால் அல்ல, கூட ஆட ஆள் இல்லாததால்தான்.

உங்களைப் போலப் பள்ளியில் ஆடியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஊருக்குள் கட்டிக்கொடுத்து வந்தவர்களை விசாரியுங்கள். ஆறு பேர் சேர்ந்தால் போதும். ஆண்கள் ஆடுகிற பொட்டலில் இடம் கேட்டுக் காத்திருப்பதைவிட, பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் மைதானத்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள். உடற்கல்வி ஆசிரியையும் சேர்ந்துகொண்டால் காரியம் இன்னும் சுலபம். ஆறு பேர் சேரவே இல்லை என்றால் மகளையோ நாத்தனாரையோ கூட்டிக்கொண்டு டென்னிஸுக்குப் போங்கள். இரண்டே பேர் போதும் என்பது இங்கேதான் பெரிய வரம்.

ஆடப் போகுமுன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். வலையில் மோதிரம் மாட்டினால் விரலே போய்விடும். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்ளலாம். மெட்டியோடு ஷூ போட்டால் பக்கவாட்டில் ஓடும்போது விரல் நசுங்கும். கழற்ற மனமில்லை என்றால் முன்பக்கம் அகலமான ஷூவும் தடித்த சாக்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு எட்டு வயசு. எதில் சேர்ப்பது?

எட்டு வயதுக்கு டென்னிஸ் நன்றாக ஒத்துவரும், சிறுவர் பந்தும் சிறிய ராக்கெட்டும் இருந்தால். சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவாக வரும், ஆரஞ்சு 50, பச்சை 25. ராக்கெட் 23 அங்குலம் போதும். பெரியவர்களுடைய 27 அங்குல ராக்கெட்டை ‘வளர்ந்தால் ஆகும்’ என்று வாங்கிக் கொடுக்காதீர்கள், தோள் கெட்டுவிடும்.

வாலிபாலின் எடை 260 முதல் 280 கிராம். அந்தக் கைக்கு அது கனம். பத்து, பதினோரு வயது வரை லேசான பந்தில் பிடித்து எறிந்து ஆடட்டும். உயரம் குறைந்த பிள்ளைக்கு வாலிபால் ஆகாது என்பதும் சரியில்லை. பின்வரிசையில் பந்தெடுப்பதற்கென்றே லிபரோ என்ற இடத்தை 1998-இல் சர்வதேச ஆட்டத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விட, அவன் நண்பர்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆட்டத்துக்காகப் போவதைவிடக் கூட்டாளிக்காகப் போவதுதான் அதிகம்.

டென்னிஸ் ஆடினால் பத்து வருஷம் ஆயுசு கூடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அதற்கு மூலம் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. உடம்பை அசைக்காமல் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 ஆண்டு, பேட்மிண்டன் ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டு, கால்பந்து ஆடியவர்களுக்கு 4.7 ஆண்டு ஆயுள் கூடுதல் என்று கணக்கு வந்தது. வாலிபால் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் வாலிபாலைவிட டென்னிஸ் மேல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. டென்னிஸ் ஆடியதால்தான் ஆயுள் கூடியது என்றும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு வசதி, படிப்பு, நல்ல மருத்துவம் எல்லாம் கூடவே இருந்திருக்கலாம்.

ஆனால் அதில் ஒன்று என் மனதில் நிற்கிறது. தனியாக ஓடுவது, தனியாக ஜிம் போவது போன்றவற்றைவிட, மனிதர்களோடு சேர்ந்து ஆடுகிற ஆட்டங்கள்தான் முன்னால் நின்றன. பழக்கமும் பேச்சும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கிற கால் மணி நேரத்தையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

டென்னிஸ் வசதியானவர்கள் ஆட்டம்தானே?

கோர்ட்டும் செலவும் அப்படித்தான் ஆக்கிவைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆட்டம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. தெற்குச் சீமைத் தமிழரான ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். பிறகு 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அதே போல வாலிபாலை ‘கிராமத்து ஆட்டம்’ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. 1895-இல் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில், கூடைப்பந்தின் இடிபாடு தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம் அது. நம் நாடு 1962 ஆசிய விளையாட்டில் வெள்ளியும் 1986-இல் வெண்கலமும் வாங்கியதும் அதில்தான். கௌரவம் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நீடித்து ஆடி நான் பார்த்ததில்லை.

எந்த நேரத்தில் ஆடுவது? வெயில் தாங்கவில்லையே?

விடிந்ததிலிருந்து ஏழரை வரை, இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். கத்திரி வெயில் நாட்களில் சிமெண்ட் கோர்ட் ஆறு மணிக்கும் அனல் கக்கும். மண் தரை சீக்கிரம் ஆறிவிடும், ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் புழுதியும் அடங்கும். இந்த விஷயத்தில் வாலிபால் பொட்டலுக்கே என் ஓட்டு. ஆனால் நம் செம்மண்ணில் சரளை அதிகம். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் வரிசையாக நின்று கல் பொறுக்குங்கள். பாய்ந்து விழுந்து பந்தெடுப்பதை மணல் கொட்டிய இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லதாக நான் எதையும் கண்டதில்லை. தலை கிறுகிறுத்தால், வியர்வை நின்று உடம்பு சுட்டால், ஆட்டத்தை விட்டுவிட்டு நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

எதில் அடி அதிகம் படும்?

வாலிபாலில் விரல் மடங்குவதும் கணுக்கால் பிசகுவதும் சகஜம். வலைக்கு அடியில் எதிராளியின் காலை மிதித்து இறங்குவதால்தான் கணுக்கால் பெரும்பாலும் பிசகுகிறது. அதனால் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பிசகினால் உருவி விடச் சொல்லி ஓடாதீர்கள். ஐஸ் வைத்து, துணியால் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

டென்னிஸில் அடிபடுவதைவிட மெல்ல மெல்ல வலி சேர்வதுதான் அதிகம். முழங்கையின் வெளிப்பக்கம், தோள், இடுப்பு. ராக்கெட்டின் நரம்பை இறுக்கமாகக் கட்டாமல் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கைப்பிடி அளவும் முக்கியம். ராக்கெட்டைப் பிடித்த கையின் விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மறுகையின் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறிது, விரலுக்கு மேலும் இடம் இருந்தால் பெரிது. இரண்டு ஆட்டத்துக்கும் ஓட்டப் பயிற்சி ஷூ ஆகாது. அது நேராக ஓடுவதற்கானது, பக்கவாட்டில் திரும்பும்போது காலைக் கவிழ்த்துவிடும்.

நன்றாக ஆடத் தொடங்கிவிட்டேன். திருவிழா டோர்னமென்டில் இறங்கலாமா?

இறங்குங்கள்! ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில், மைக்கில் ஊர்ப் பெயரைச் சொல்லி அழைக்க, குஞ்சு குளுவானோடு ஊரே சுற்றி நின்று பார்க்கிற அந்த ஆட்டத்துக்கு ஈடு இல்லை. டென்னிஸில் இது நமக்குக் கிடைக்காது. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். போட்டி நெருங்க நெருங்க ஆறு நல்ல ஆட்டக்காரர்கள் மட்டுமே ஆடி, மற்றவர்கள் பந்து எடுத்துப் போடுகிறவர்களாகிவிடுவார்கள். அப்படி ஓரம் கட்டப்பட்ட ஐந்தாறு பேர் நின்றுவிட்டால், திருவிழா முடிந்து வெளியூர்க்காரர்கள் கிளம்பிய பிறகு பொட்டலில் ஆட ஆளே இருக்காது. இப்படிக் காலியான பொட்டல்களைப் பார்த்திருக்கிறேன். போட்டி நாட்களிலும் கடைசி அரை மணி நேரம் எல்லோரும் ஆடுகிற ஆட்டம் என்று ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டுமே சரிப்பட்டு வரவில்லை என்றால்?

பூப்பந்தைப் பாருங்கள். தஞ்சாவூர் மண்ணில் பிறந்த ஆட்டம். மஞ்சள் கம்பளிப் பந்தும் லேசு, ராக்கெட்டும் லேசு, பக்கத்துக்கு ஐந்து பேர். டென்னிஸின் அடியும் வாலிபாலின் கூட்டமும் அதில் சேர்ந்தே கிடைக்கும். காற்று பலமாக அடிக்கிற ஆடி மாதத்தில் மட்டும் பந்து உங்கள் பேச்சைக் கேட்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே நின்றுவிடுகிறதே?

நிற்கத்தான் செய்யும். சரளை கலந்த செம்மண் பொட்டல், மழை விட்ட மறுநாளே காலுக்குப் பிடி கொடுக்கும். கண்மாய்க்குள் கோர்ட் போட்டிருந்தால் தைக்குப் பிறகுதான். சிமெண்ட் டென்னிஸ் கோர்ட்டில் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரத்தில் ஆடலாம், ஆனால் ஈரப் பந்தில் ஆடாதீர்கள், கனம் கூடி முழங்கையைப் பிடிக்கும். மழை நாட்களில் வாலிபால் வலையைக் கழற்றிக் காயவைத்துச் சுருட்டி யாராவது ஒருவர் வீட்டில் வையுங்கள். நனைந்தபடியே விட்டால் மேல்கயிறு இற்றுப்போகும். வலை யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அவர் ஊருக்குப் போகிறபோது சாவியையும் கொடுத்துவிட்டுப் போகட்டும்.